ஒன்பது உப்பு

மழை விட்டால் போய்விடுவான். போகட்டும், யார் பிடித்து வைத்தது. ஆனால் விடுகிற மழையாகத் தெரியவில்லை, கார்த்திகை மழை, கடல் பக்கம் இருட்டிக்கொண்டு நிற்கிறது, தகரச் சாய்ப்பில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூட அரைகுறையாகத்தான் காதில் விழுகிறது, அதுவும் நல்லதுதான். எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என் தம்பி பால்வண்ணன். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரே பாயில். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்க்கிறேன், வேட்டி நனைந்து ஒட்டியிருக்கிறது, அந்த முழங்கால் எங்கள் அப்பாவுடைய முழங்கால் மாதிரியே எலும்பு துருத்திக்கொண்டு இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. பெரியப்பா என்று அந்தப் பெண்ணுக்கு நான் ஒருத்தன்தான். தட்டை நீட்டினான், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். காலண்டரில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணில் புரை, உப்பளத்து வெள்ளையைப் பார்த்துப் பார்த்து வெந்த கண். என் மகள் வடிவு பதறிப்போய் தட்டை வாங்கக் கை நீட்டினாள். "நீ வாங்கப்படாது தாயி, அண்ணன்தான் வாங்கணும்" என்று அவளிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை, சொல்லிவிட்டுத் தட்டைப் பிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுத் திரும்பினான், அந்த நேரம் பார்த்துத்தான் வானம் பிய்த்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை. கரண்டும் போயிற்று. பகல் மூன்று மணிக்கு வீடு சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. நாலு பேர் ஓர் அறைக்குள் எவ்வளவு நேரம் சுவரைப் பார்ப்பது. அப்போதுதான் மருமகன் கார்மேகம் அலமாரி மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினான். "சும்மா இருக்கதுக்கு ஒரு ஆட்டம் போடுவோம் மாமா." நல்ல பையன்தான், ஆனால் வேண்டுமென்றே செய்திருப்பானோ என்று அப்போதே தோன்றியது.

தாயமோ ஆடுபுலியோ என்றால் எனக்குத் தெரியும். இது கார்மேகம் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியதாம், துறைமுகம் என்று பேர். பலகையில் ஒரு கடற்கரை வரைந்திருக்கிறது, கரையோரம் ஊர்கள், ஊருக்கு ஓர் எண், சில எண் இரண்டு ஊருக்கும் உண்டு. இரண்டு பகடையை உருட்டினால் எந்த எண் விழுகிறதோ அந்த ஊரில் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கிறவனுக்கு அந்த ஊர்ச் சரக்கு ஓர் அட்டை. சரக்கு நாலே நாலு. உப்பு, மரம், துணி, எண்ணெய். நாலிலும் ஒவ்வொன்று சேர்ந்தால் ஒரு கப்பல் விடலாம். முதலில் ஐந்து கப்பல் விட்டவன் ஜெயித்தான். அவ்வளவுதான், மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது, அட்டையில் இங்கிலீஷ் இருந்தால் என்ன, படம் போட்டிருக்கிறதே. குறை சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இருக்கிற நல்லதைச் சொல்லத்தான் வேண்டும். வடிவு சின்னப் பிள்ளையாக இருந்தபோது காகித நோட்டு வைத்து ஒரு வியாபார ஆட்டம் ஆடுவார்கள், அதில் தோற்றவள் பாதியிலேயே வெளியே போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதில் அது கிடையாது, கடைசி வரை எல்லாரும் பாயில்தான் இருக்கிறோம். அடுத்தவன் உருட்டும்போதும் நமக்குச் சரக்கு வரலாம், அதனால் தூக்கம் வராது. இன்னொன்று, நாலு சரக்கும் ஒருத்தன் கையில் சேரவே சேராது, மற்றவனிடம் மாற்றித்தான் ஆகவேண்டும். இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டதும் இருக்கிறது. முதலில் இடம் பிடிக்கிறவன் நல்ல எண்ணுள்ள ஊரைப் பிடித்துக்கொள்கிறான், பிறகு வருகிறவன் என்ன முட்டினாலும் மிச்சத்தில்தான் பிழைக்க வேண்டும். தோற்கப்போவது பாதியிலேயே தெரிந்துவிடும், தெரிந்த பிறகும் எழுந்து போகமுடியாது, மற்றவன் ஜெயிப்பதற்குக் கூட இருந்து உருட்டிக்கொடுக்க வேண்டும். அதுதான் பெரிய அலுப்பு. எனக்கு இந்த ஆட்டம் புதிது, அந்த அலுப்பு புதிது இல்லை.

எனக்கு விழுந்த இடம் உப்பு. எட்டாம் எண் ஊர். உட்கார்ந்ததிலிருந்து எட்டு எட்டாக விழுகிறது. "உப்பு மாமா, உப்பு மாமா" என்று கார்மேகம் அட்டையை எடுத்து எடுத்துத் தருகிறான். இந்த ஆட்டத்தைக் கட்டினவன் உப்பளத்தில் ஒரு நாள் நின்றிருக்க மாட்டான். உருட்டினால் உப்பு வந்துவிடுமா. தண்ணீர் ஏற்றி, பாத்தி மிதித்து, வெயில் காய்ந்து, பாத்தியில் உப்பு பூத்து அரி விழுந்து, வாருபலகையால் வாரி வாரி வரப்பில் இழுத்து, கூடையில் சுமந்து மேட்டில், தட்டுமேட்டில், கொட்டிக் குவித்தால்தான் அம்பாரம். முப்பத்தெட்டு வருஷம் செய்திருக்கிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த ஆட்டத்தில் மழை இல்லை. கையில் இருக்கிற உப்பு கையிலேயே இருக்கிறது. எட்டு அட்டை வைத்திருக்கிறேன், ஒன்றுகூடக் கரையவில்லை. "மழை அட்டைன்னு ஒண்ணு கெடையாதா மாப்ளே?" என்று கேட்டேன். கார்மேகம் சிரித்தான். "இல்ல மாமா. புயல் அட்டை இருக்கு, அது கப்பலுக்கு." உப்புக்கு மழை இல்லாத ஊர் எந்த ஊரோ. அப்போது பால்வண்ணனின் முழங்கால் லேசாக அசைந்தது. நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்கட்டும், கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சித்திரையில் யார் மழையை எதிர்பார்த்தார்கள். ஒரு மாதத்து உப்பு, ஆள் உயரத்துக்கு மேலே, வெயிலில் பார்த்தால் கண் கூசும். நானும் அவனும் குத்தகைக்கு எடுத்த முதல் அளம், கூலிக்காரன் என்ற பேர் போய் அளத்துக்காரன் என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்த வருஷம். ஓலை மூடித்தான் இருந்தது. மூடினால் போதாது, கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் காற்று ஓலையைத் தூக்கிவிடும். கட்டியிருக்கிறதா இல்லையா என்பது தூரத்திலிருந்து தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு அடையாளம். கட்டியவன் வாருபலகையை அம்பாரத்தின் மேல் தலைகீழாகக் குத்தி வைத்துவிடுவான், கம்பு உப்புக்குள், பலகை மேலே. ரோட்டில் சைக்கிளில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். பலகை மேலே இருந்தால் கட்டியாயிற்று, வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு இவன் கட்டவில்லை. பெண் பார்த்த இடத்துக்கு, ஆத்தூருக்கு, சட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டான். காற்று வந்தது, ஓலை போனது, மழை வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் தட்டுமேட்டில் உப்பு இல்லை, குழம்பாக ஒரு வெள்ளைச் சேறு. பலகை தரையில் கிடந்தது.

தரையில் கிடந்தது என்றுதான் சொல்வேன். "ஒன்பது!" என்று வடிவு கத்தினாள், அவளுக்குத் துணி, பால்வண்ணனுக்கு மரம். அவனுக்கு மரமாகவே விழுகிறது. என்னிடம் உப்பு, அவனிடம் மரம், இது யார் போட்ட கணக்கோ. மரத்தில் ஒன்றும் எனக்கு இல்லை, உப்பில் ஒன்றும் அவனுக்கு இல்லை. வடிவுக்கும் கார்மேகத்துக்கும் பத்தாம் எண்ணில் கொஞ்சம் உப்பு வந்ததால் அவர்களிடம் மாற்றி மாற்றி அவன் மூன்று கப்பல் விட்டுவிட்டான். நான் வடிவிடம் மரம் வாங்கி ஒன்று விட்டிருக்கிறேன், அடுத்ததுக்குத் துணியும் எண்ணெயும் கையில் இருக்கிறது, மரம்தான் இல்லை. இப்போது அவர்கள் இரண்டு பேர் கையிலும் உப்பும் இல்லை, மரமும் இல்லை. அவன் முறை வந்தது. தொண்டையைச் செருமினான். "வடிவு, ஒங்க அப்பாகிட்ட உப்பு இருக்கான்னு கேளு." இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். அம்மா செத்தபோது கொள்ளி யார் வைப்பது என்பதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரை நடுவில் வைத்துத்தான் பேசினோம். வடிவு என்னைப் பார்த்தாள். கார்மேகம் கையைக் குறுக்கே நீட்டினான். "சின்ன மாமா, அது ஆகாது. யாருக்கு வேணுமோ அவுகதான் வாயால கேக்கணும். யாருகிட்டக் கேக்காகளோ அவுக மொகத்தைப் பாத்துக் கேக்கணும். ரூல்ல போட்டிருக்கு." "ரூல்ல அப்படிப் போட்டிருக்கா, இல்ல நீங்க போட்டியளா?" என்றான் பால்வண்ணன். "பேப்பரைப் பாருங்க." "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு தைரியம்." வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கூடச் சிரித்திருப்பேன், வேறு யாராவது சொல்லியிருந்தால். "அப்ப ஒரு உப்பை அப்பா சும்மா குடுத்துரட்டுமே, கேக்காமலே" என்றாள் வடிவு. "சும்மாவும் குடுக்கக் கூடாது. ஒண்ணு போனா ஒண்ணாவது வரணும். அள்ளிக் குடுக்கலாம், ஆனா பதிலுக்கு ஏதாவது வாங்காம குடுக்க முடியாது." பால்வண்ணன் கையிலிருந்த அட்டையை அடுக்கினான். "பாஸ்" என்றான். என்னிடம் ஒரு உப்பு கேட்க வாய் வரவில்லை அவனுக்கு. எனக்கு முதலில் ஒரு திருப்தி வந்தது, பிறகு அந்தத் திருப்தி வாயில் கசந்தது. மகள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதற்குத் தட்டோடு இவ்வளவு தூரம் வந்தவன் ஓர் அட்டை கேட்க மாட்டேன் என்கிறான் என்றால், அவன் மனசில் இருக்கிற கோபம் என்னுடையதைவிடப் பெரியதாக இருக்குமோ. இருக்காது. எப்படி இருக்கும். கெடுத்தவன் அவன்.

பலகை தரையில் கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும். அப்படித்தான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன், நானாகக் கேட்டுக்கொண்டு நானாகச் சொல்லிக்கொள்வேன், பஸ்ஸில் போகும்போது, சவரம் செய்யும்போது. காற்றில் விழுந்திருந்தால் முதலில் நின்றிருக்க வேண்டுமே. நின்றிருந்தால் யார் நிறுத்தியது. இந்த இடத்துக்கு வந்ததும் வேறு பக்கம் போய்விடுவேன், இவனுடைய வெள்ளைச் சட்டைக்கு, ஆத்தூருக்கு, கெடுத்தானே என்பதற்கு. மழைச் சத்தம் குறைகிற மாதிரி இருக்கிறது. இல்லை, திரும்ப வலுக்கிறது. மழை என்றாலே ஓலையும் கயிறும் தேடுகிறவன் நான், இன்றைக்கு இது விடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன், இது என்ன கூத்து. கார்மேகம் உருட்டினான், எட்டு. "உப்பு மாமா." ஒன்பதாகிவிட்டது. கையில் பிடிக்க முடியவில்லை, விரிந்து விரிந்து சரிகிறது. ஒன்பது வெள்ளை அட்டை, புரைக் கண்ணுக்கு ஒரு சின்னக் குவியல் மாதிரி. அன்றைக்கு மத்தியானம் எனக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. கயிறு போட இவன் வருவான் என்று இருந்தேன். அதற்கு முன்னால் பலகையில் சேறு அப்பியிருக்கிறதே என்று கழுவினேன். கழுவியதை எங்கே காய வைப்பது, கீழே எல்லாம் ஈரம். கழுவினேன். காய வேண்டும் என்று அம்பாரத்தின் மேல் குத்தினேன். கம்பு உள்ளே, பலகை மேலே. கை தன்னால் செய்தது, அடையாளம் என்ற நினைப்பே காய்ச்சலில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இவன் சைக்கிளில் ரோட்டில் போனான், பார்த்தான், அண்ணன் கட்டிவிட்டார் என்று போனான். இதையேதான் மறுநாள் அத்தனை அளத்துக்காரர்களுக்கும் முன்னால் சொன்னான். "பலகை மேல இருந்திச்சு, நான் கண்ணால பாத்தேன்." நான் சொன்னேன், "பொய் சொல்லுதான். ஊர் மேயப் போயிட்டு வந்து வாய் கூசாம பொய் சொல்லுதான். பலகை எங்க கெடக்குன்னு எல்லாரும் பாருங்க." எல்லாரும் பார்த்தார்கள். தரையில் கிடந்தது. விடியும்போது எல்லாருக்கும் முன்னால் நான்தான் போனேன். போகும்போது அது நின்றுகொண்டிருந்தது. உப்பு எல்லாம் கரைந்த பிறகும் அடியில் கொஞ்சம் இறுகிக் கிடந்ததில் கம்பு ஏறி, கோணலாக, பலகை மேலே. பிடுங்கிக் கீழே போட்டேன். அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை, ஒரு பிடுங்கு. அதற்கு இருபத்திரண்டு வருஷம். அந்தப் பிடுங்கைத் தாங்க வேண்டும் என்றால் இவன்மேல் கோபமாக இருந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு நாள் விட்டால்கூட உள்ளே அது எழுந்து நின்றுவிடும். கோபமாக இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்கும் தெரியாது. உப்புச் சுமப்பதாவது சாயங்காலம் முடிந்துவிடும்.

"மழை விட்டுட்டு" என்றான் பால்வண்ணன். ஆமாம், சாய்ப்பில் சத்தம் இல்லை, சொட்டு மட்டும் தனித்தனியாகக் கேட்கிறது. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்காலில் கை ஊன்றி எழுந்தான். "வாரேன் தாயி. இன்னும் நாலு வீடு சொல்லணும். மாப்ளே, ஆட்டம் நல்லாத்தான் இருக்கு, இன்னொரு நாளைக்குப் பாப்போம்." "இது அப்பா முறை சித்தப்பா, இது ஒண்ணு முடியட்டுமே" என்றாள் வடிவு, அவள் குரல் அழுகிற குரலாக இருந்தது. அவன் குடையை எடுத்துவிட்டான். பிரிட்ஜ் மேலே தட்டு அப்படியே இருந்தது. போனால் இனி வரமாட்டான். ஒரு தடவை வாங்காத தட்டை இன்னொரு தடவை எவனும் நீட்டமாட்டான், நான் என்றாலும் நீட்டமாட்டேன். "ஏல" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவன் திரும்பவில்லை, ஆனால் நின்றான். "ஏல பால்வண்ணா. மரம் ஒண்ணு வேணும்." மெதுவாகத் திரும்பினான். முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டுமாம், பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், மீசை முழுக்க நரைத்து, எவ்வளவு வயசாகிவிட்டது. "என்ன தருவிய?" என்றான். "உப்பு." வந்து பாயில் உட்கார்ந்தான், குடையை மடியில் வைத்துக்கொண்டே. மரம் ஒன்றை எடுத்து நீட்டினான், மறு கையை விரித்துக் காட்டினான். நான் அந்தக் கையில் வைக்கவில்லை. உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், எங்கள் அம்மா அடுப்படியில்கூடக் கொடுக்க மாட்டாள், சண்டை வரும் என்று கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வாள். ஆட்டப் பலகையில் நீலமாக இருந்த கடல்மேல் வைத்தேன். ஒன்பதையும் வைத்தேன். "மாமா, ஒண்ணு போதும்! உப்பில்லாம வெறும் மரத்தை வச்சு நீங்க என்ன செய்வீய? அடுத்த முறையில அவுகளே ரெண்டு கப்பலும் விட்டு ஜெயிச்சிருவாக" என்றான் கார்மேகம். "இருக்கட்டும். அன்னைக்குப் பலகையைக் குத்தி வச்சது நான்தான். கழுவிக் காய வச்சேன். விடியக்காலம் பிடுங்கிப் போட்டதும் நான்தான். இவன் பொய் சொல்லல. மாப்ளே, நீங்களும் கேட்டுக்கிடுங்க. வடிவு, நீயும் கேட்டுக்க."

அவன் ஒன்றையும் எடுக்கவில்லை. கடல்மேல் கிடந்த வெள்ளை அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா சாவும்போது என் கையைப் பிடிச்சிக்கிட்டு, அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுலன்னா" என்றான். "என்னத்தக் கேக்கதுக்கு? நான் பொய்யன்னு நெனச்சிக்கிட்டேதான் கண்ணை மூடினா." அவன் குனிந்து ஒன்பதில் ஒன்றை மட்டும் எடுத்தான். மிச்ச எட்டையும் விரல் நுனியால் என் பக்கம் தள்ளினான். "ஒரு மரத்துக்கு ஒரு உப்பு. அதான் வெலை. அள்ளிக் குடுத்தா அந்த அம்பாரம் திரும்பி வருமா?" வராது. இந்த ஆட்டத்தில்தான் உப்பு கரையாது. கோபமாகத்தான் சொன்னான், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "கப்பலை விடுங்க மாமா" என்றான் கார்மேகம் மெதுவாக. உப்பு, மரம், துணி, எண்ணெய், நாலையும் வைத்தேன், வடிவுதான் கப்பலை எடுத்து நிறுத்தினாள். பால்வண்ணன் எழுந்தான். குடை மடியிலிருந்து உருண்டு பாயில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. எடுக்காமல் நடந்தான். எனக்கு வாசல் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பிரிட்ஜ் பக்கம் சத்தம் கேட்டது. தட்டோடு வந்து என் முன்னால் நின்றான், வெற்றிலை ஈரத்தில் பளபளவென்று இருந்தது. உட்கார்ந்துகொண்டு வாங்கக் கூடாது என்று கையை ஊன்றினேன். இரண்டு தடவை முயன்றும் முழங்கால் எழும்பவில்லை. "அப்படியே இரிங்க" என்றான். "நான் குனிஞ்சிக்கிடுதேன்."